வருஷா வருஷம் சீரியல் செட் வாங்காமல் இருக்க என்ன வழி?

கேள்வி இதுதான்: நாகர்கோவில் பக்கம் வீடு, ஆறடி பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம். ஒவ்வொரு டிசம்பரும் புது சீரியல் செட் வாங்குகிறார்கள். அடுத்த டிசம்பரில் பரணிலிருந்து இறக்கி ப்ளக்கில் சொருகினால் பாதி எரிவதில்லை. கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை, ஐந்தாறு கிறிஸ்துமஸாவது தாங்குகிற விளக்கு எது, எப்படிப் பார்த்து வாங்குவது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெட்டியின் மேல் '50,000 மணி நேரம்' என்று அச்சடித்திருப்பார்கள். டிசம்பர் 1 தொடங்கி மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை, தினம் ஆறு மணி நேரம் எரியவிட்டாலும் ஒரு சீசனுக்கு 222 மணி நேரம்தான் ஆகிறது. அச்சடித்தது உண்மையானால் அந்தச் சரம் இருநூறு வருஷத்துக்கு மேல் ஓட வேண்டும். ஆனால் இரண்டாவது வருஷமே படுத்துவிடுகிறது. ஏனென்றால் அந்த மணிக்கணக்கு எல்.இ.டி.க்குள் இருக்கும் கடுகளவு சில்லுக்கு மட்டும் உரியது. அதுவும் சரியான மின்னோட்டம், மிதமான சூடு என்று எல்லாம் ஒழுங்காக இருந்தால். வீட்டில் சாவது பெரும்பாலும் அந்தச் சில்லு அல்ல. ஒயர், ஒயரும் பல்பும் சேரும் இடம், பல்பின் கால்கள், பட்டன் பெட்டி, இவைதான் முதலில் போகின்றன. அதனால் கடையில் விளக்கின் அழகைப் பார்க்கும் நேரத்தை ஒயரைப் பார்க்கச் செலவிடுங்கள்.

நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கும் சாதாரண சரத்தில் ஒரு பல்பைப் பிடித்து அதன் பிளாஸ்டிக் மூடியை மெதுவாக உருவிப் பாருங்கள் (கண்டிப்பாக ப்ளக்கைக் கழற்றிவிட்டு). உள்ளே எல்.இ.டி.யின் இரண்டு கால்கள், ஒவ்வொன்றிலும் மயிரிழை போன்ற நாலைந்து கம்பிகள் சுற்றி, மேலே ஒரு துளி ஈயம். சிலவற்றில் ஈயம்கூட இருக்காது, நசுக்கி விட்டிருப்பார்கள். ஒரு சின்னக் காந்தத்தை அந்தக் கால் அருகே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் அது வெள்ளீயம் பூசிய இரும்பு. நல்ல எல்.இ.டி.யிலும் இரும்புக் கால் வருவதுண்டு, அது மட்டுமே குற்றமில்லை. ஆனால் காற்றுப் புகும் மூடிக்குள் இரும்புக் கால் இருந்தால், உங்கள் ஊர்க் கடற்காற்றில் அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினொரு மாதம் பரணில் இருக்கும்போதுதான் துரு ஏறுகிறது. எரிந்துகொண்டிருந்த முப்பத்தேழு நாளில் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஒயரையும் அப்படியே பாருங்கள். பிளேடால் கம்பியை லேசாகச் சுரண்டினால் மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையாகவும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம் அல்லது இரும்பு. அலுமினியத்தில் சால்டர் (ஈயப் பற்று) சரியாகப் பிடிக்காது. நாலு தடவை மடக்கினால் முறியவும் செய்யும். கடையில் பிளேடு போட்டுப் பார்க்க விடமாட்டார்கள்தான். ஆனால் ஒயரை விரலால் வளைத்தாலே வித்தியாசம் தெரியும். நல்ல ஒயர் தளர்வாகத் தொங்கும். மட்டமான ஒயர் மடக்கின இடத்தில் மடிப்பு விழுந்து அப்படியே நிற்கும்.

இன்னொரு எதிரி அந்த எட்டு விதமாக மின்ன வைக்கும் பட்டன் பெட்டி. திறந்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பலகை, நாலு டயோடு, ஸ்விட்ச் வேலை செய்யும் மூன்று கால் எஸ்.சி.ஆர். இரண்டு முதல் நாலு, கருப்பு எபாக்ஸிப் பிசின் சொட்டுக்கு அடியில் ஒரு ஐ.சி. சில்லு. அவ்வளவுதான். பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது, டிரான்ஸ்ஃபார்மரும் கிடையாது. அதாவது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் நேராக மரத்தில் ஏறுகிறது. பிளாஸ்டிக் மரத்தின் கிளைகளுக்குள் இரும்புக் கம்பிதான் இருக்கிறது, கிளை நுனியில் அது கூராக நீட்டிக்கொண்டும் இருக்கும். ஒயரின் தோலை அது கீறிவிட்டால் கிளையே ஷாக் அடிக்கும். குழந்தைகளும் பூனையும் இருக்கும் வீட்டில் இதை ஏற்றுக்கொள்ளவே கூடாது என்பேன். நீடித்து உழைப்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சரி, அந்த 230 வோல்ட் சரம் ஏன் சீக்கிரம் மங்குகிறது? எளிமையாக்கிச் சொல்கிறேன். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். ஐம்பதை வரிசையாகக் கோத்தால் 150 வோல்ட். மீதி 80 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தாங்குகிறது, எவ்வளவு மின்னோட்டம் போகும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுதான். ராத்திரி லோடு குறைந்து வீட்டு வோல்டேஜ் 260 ஆனால் எல்.இ.டி.கள் அதே 150ஐத்தான் எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டர் பங்கு 80லிருந்து 110 ஆகிறது. சுவரில் 13 சதவீதம் கூடினால் பல்புக்குள் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. மட்டமான எல்.இ.டி.யை ஏற்கெனவே விளிம்பில்தான் ஓட்டுவார்கள், கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் அல்லவா.

நம் ஊரில் எல்லோரும் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. எரியாத பல்பை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் ஒட்டுவது. ஒன்று இரண்டுக்குப் பரவாயில்லை. ஐந்து பல்பை அப்படி எடுத்தால் 15 வோல்ட் மிச்சமாகி ரெசிஸ்டர் தலையில் விழுகிறது, மின்னோட்டம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அப்புறம் ஆறாவது, ஏழாவது பல்பு தானாகவே போகும். பழைய இழை பல்பு காலத்தில் இது இன்னும் மோசம். நாற்பது பல்பில் ஐந்தை எடுத்துவிட்டால் மிச்சப் பல்புகளின் ஆயுள் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும், இழை பல்பு வோல்டேஜுக்கு அவ்வளவு பயப்படும் சாமான்.

இனி என்ன வாங்கலாம் என்று பார்ப்போம். என் முதல் தேர்வு, அடாப்டரில் ஓடும் குறைந்த வோல்டேஜ் சரம். 12, 24, 31 வோல்ட் என்று வருகின்றன. சுவரில் அடாப்டர், அங்கிருந்து மரம் வரை ஆபத்தில்லாத மின்சாரம். ஷாக் பயம் போகிறது. நல்ல அடாப்டர் என்றால் வீட்டு வோல்டேஜ் 180 ஆனாலும் 260 ஆனாலும் வெளியே வருவது மாறாது, மேலே சொன்ன கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. அடாப்டர் செத்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அடாப்டரின் முனை சாதாரண வட்ட ஜாக்காக இருக்கிறதா என்று பாருங்கள். சில செட்டுகளில் திருகு மூடி போட்ட தனி வடிவ முனை வரும், அதற்கு மாற்று கிடைக்காது. வட்ட ஜாக் என்றால் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் அதே வோல்ட் அடாப்டர் வாங்கிச் சொருகிவிடலாம். அடாப்டர் தாங்கும் அளவில் பாதிக்கு மேல் லோடு ஏற்றாமல் இருந்தால் சூடேறாது. அதற்குள் முதலில் போவது கெப்பாசிட்டர்தான், கெப்பாசிட்டரைக் கொல்வது சூடு.

பல்பு ஒயரோடு சேர்த்து வார்க்கப்பட்டதா, கழற்றி மாட்டக்கூடியதா? கழற்றி மாட்டுவது நல்லது என்று தோன்றும். கடலோரத்தில் நேர்மாறு. கழற்றக்கூடிய இடமெல்லாம் காற்று நுழையும் இடம். ஒரே வார்ப்பாக, பிளாஸ்டிக் உருக்கி மூடிய பல்புகளையே எடுங்கள். தூசியும் தண்ணீரும் எந்த அளவுக்குப் புகாது என்று காட்டும் எண் ஐ.பி. ஐ.பி.44 என்று போட்டிருந்தால் மேலே தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாது என்று அர்த்தம், மரத்துக்கு அது போதும். வாசலில் ஸ்டாரோடு சேர்த்துக் கட்டப்போகிறீர்கள், வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது என்றால் ஐ.பி.65 தேடுங்கள். ஈரமான இடத்தில் டி.சி. என்ற ஒரே திசை மின்சாரம் ஓடும் சரம் இன்னொரு வகையிலும் கெடும். நேர்முனைக் காலை மின்பகுப்பு அரித்துத் தின்னும். கால் இருந்த இடத்தில் துருவும் பச்சைக் களிம்பும்தான் மிஞ்சும்.

இந்தியாவில் விற்கும் அடாப்டருக்கும் அலங்கார விளக்குச் சரத்துக்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்கமும் சேர்ந்த ஓர் எண் அச்சிட்டிருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணை அடித்தால் யாருக்குக் கொடுத்தது என்று காட்டும். நடைபாதைக் கடைச் சரத்தில் இதைத் தேடுவது வீண் வேலை. அடாப்டரிலாவது இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் தீப்பிடிக்கும் இடம் அதுதான்.

இரண்டாவது வழி கொஞ்சம் கைவேலை, ஆனால் எனக்கு இதுதான் பிடித்தது. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் தெரு முனையில் பிரம்மாண்டமாக மாதா, முருகன் என்று விளக்கிலேயே படம் வரையும் போர்டு நிறுத்துகிறார்களே, அவர்களும் கடைப் பெயர்ப்பலகை செய்கிறவர்களும் வாங்கும் சரம் தனி. துப்பாக்கி ரவை மாதிரி ஒரு ரப்பர் உறைக்குள் எல்.இ.டி.யை முழுசாக அடைத்து ஐம்பது ஐம்பதாகக் கோத்து விற்பார்கள். மழையில் நனைய விடுவதற்கென்றே செய்தது. ஒயரும் தடிமன். ஒவ்வொரு பல்பும் இணையாக, அதாவது தனித்தனியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும்படி இருப்பதால் ஒன்று போனால் ஒன்றுதான் போகும். சென்னையில் ரிட்சி தெருவில் கிடைக்கும். உங்கள் பக்கம் எல்.இ.டி. போர்டு செய்கிறவர் யாரையாவது கேட்டால் எடுத்தே கொடுப்பார். கேட்கும்போது ஒரே நிறம், 12 வோல்ட், ஒவ்வொரு பல்புக்கும் தனி ரெசிஸ்டர் உள்ளது என்று சொல்லிக் கேளுங்கள். நிறம் மாறும் பிக்சல் வகை வேண்டாம். அதில் கட்டளை ஒரு பல்பிலிருந்து அடுத்த பல்புக்குக் கைமாறிப் போகிறது, நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் திணறும்.

போர்டுக்கான சரம் வீட்டு மரத்துக்குக் கண்ணைக் கூசும். அதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். 12 வோல்ட் சரத்தை 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டுங்கள். ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 9 வோல்ட்டிலிருந்து 6 ஆகிறது, மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். வெளிச்சம் இதமாகும், பல்பு சூடே ஆகாது, ஆயுளும் கூடும். மின்விளக்குக் கிறிஸ்துமஸ் மரம் தொடங்கியதே இந்த மாதிரி கைவேலையில்தான். 1882 டிசம்பரில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்துக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளைக் கையால் ஒயர் இழுத்துக் கட்டினார்.

யூ.எஸ்.பி.யில் ஓடும் செம்புக் கம்பி ஃபேரி லைட்டைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கண்ணாடிக் குடுவைக்குள் போட அழகு. மரத்தில் சுற்றி, கழற்றி, மறுபடி சுற்றினால் கம்பியின் மேல் உள்ள மெல்லிய வார்னிஷ் பூச்சு உரிந்து கம்பிகள் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் கேட்ட ஐந்தாறு வருஷத்துக்கு அது ஆகாது.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ சித்தப்பாவோ அங்கிருந்து செட் வாங்கி வந்தால் ப்ளக்கைச் சொருகும் முன் படியுங்கள். அந்த ஊர் சரங்கள் பெரும்பாலும் 120 வோல்ட்டில் நேராக ஓடுபவை. இங்கே நம் ஊர் ப்ளக்குக்கு ஏற்ற பின்னை மட்டும் மாட்டிச் சொருகினால் அந்த நொடியே தீர்ந்தது. '100-240' என்று அச்சிட்ட அடாப்டரோடு வந்த செட் என்றால் தைரியமாகப் போடலாம். சி7, சி9 என்று பெரிய கூம்பு பல்புகள் அங்கே பிரபலம். அந்த எண் பல்பின் அகலம், எட்டில் ஒரு அங்குலக் கணக்கில். சி9 என்றால் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறடி மரத்துக்கு அது பெரிசு.

நிறத்தில் ஒரு விஷயம். வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளே நீலச் சில்லு, மேலே அந்த நீலத்தை வெள்ளையாக்கும் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீல ஒளியும் சூடும் சேர்ந்து மேலே உள்ள எபாக்ஸியை நாளடைவில் பழுப்பாக்கும். சிவப்பு, மஞ்சளில் இந்தத் தொல்லை குறைவு. வெள்ளை வேண்டுமென்றால் மஞ்சள் கலந்த வார்ம் வைட் எடுங்கள், கொஞ்சம் மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு செட் தேவைப்பட்டால் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்குங்கள். அடுத்த வருஷம் அதே பெயரில் வாங்கும் வார்ம் வைட் வேறு நிறமாக இருக்கும். ஆறடி மரத்துக்கு 200 பல்பு தாராளம், அடர்த்தி பிடிக்குமென்றால் 300. அசல் சவுக்குக் கிளை வைப்பவர்களுக்கு இதில் பாதி போதும், இலையே நூல் மாதிரி இருப்பதால் வெளிச்சம் மறைவதில்லை.

கடையில் எரியவிட்டுப் பார்க்கும்போது செல்போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பாருங்கள். படபடவென்று துடித்தால் அது பெரும்பாலும் சுவர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பல்புக்கு விடும் மலிவான சுற்று. அடாப்டர் சரம் பெரும்பாலும் துடிக்காது. எரியும்போதே (அடாப்டர் சரம் என்றால் மட்டும்) பத்து இருபது பல்பை விரலால் லேசாகத் திருகிப் பாருங்கள். ஒன்று மினுக்கினாலும் அந்தப் பெட்டி வேண்டாம். 23ஆம் தேதி மாலை போய் வாங்காதீர்கள். டிசம்பர் முதல் வாரத்தில் வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்தி, முதல் இரண்டு நாள் நீங்கள் விழித்திருக்கும் நேரமெல்லாம் எரியவிடுங்கள். சால்டர் சரியில்லாத பல்புகள் பெரும்பாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும், மாற்றிக் கேட்கலாம்.

கழற்றுவதில்தான் பாதி சரம் சாகிறது. மரத்திலிருந்து இழுக்காமல், சுற்றினதற்கு நேர் எதிராகச் சுற்றி எடுங்கள். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இறுக்கிச் சுற்றும் பழக்கத்தை விடுங்கள், பல்பு சேரும் இடத்தில் ஒவ்வொரு வருஷமும் கம்பி மடங்கி முறிவது அப்படித்தான். ஒரு அட்டையில் தளர்வாகச் சுற்றி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். ஓட்டு வீட்டுப் பரணோ மொட்டை மாடி ஷீட் கொட்டகையோ வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் பி.வி.சி. ஒயர் இறுகி வெடித்துவிடும். பீரோவின் கீழ்த்தட்டு போதும். எலிக்கும் அது எட்டாது. அடாப்டரை அதே டப்பாவில், எந்தச் சரத்துக்கு எது என்று எழுதி ஒட்டி வையுங்கள். 12 வோல்ட் சரத்தில் 24 வோல்ட் அடாப்டரை மாட்டிவிட்டு வருபவர்களை ஒவ்வொரு டிசம்பரும் பார்க்கிறேன்.

இப்போது வீட்டில் கிடக்கும் பழைய செட்டுகளை என்ன செய்வது? 230 வோல்ட் சரத்தில் தோல் கீறியிருந்தாலோ டேப் ஒட்டின இடம் மூன்றுக்கு மேல் இருந்தாலோ பழுது பார்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். அடாப்டர் சரத்தில் ஒரு பகுதி மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் அந்த வரிசையில் ஒரே ஒரு பல்புதான் போயிருக்கும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொரு பல்பின் காலையும் தொட்டுக்கொண்டே போனால் நல்லது மங்கலாக மினுக்கும், போனது மினுக்காது. அதே நிற எல்.இ.டி. இரண்டு மூன்று ரூபாய்தான். நீளக் கால் எந்தப் பக்கம் இருந்ததென்று பார்த்து, அதே திசையில் சால்டர் வைத்து, மேலே சுருங்கும் ஸ்லீவைப் போட்டு லைட்டர் சூடு காட்டுங்கள். பல்பெல்லாம் மினுக்குகிறது, சரம் மட்டும் எரியவில்லை என்றால் அடாப்டரையோ பட்டன் பெட்டியையோ சந்தேகப்படுங்கள். முனை பொதுவான வடிவம் என்றால் இரண்டுமே கடையில் தனியாகக் கிடைக்கும்.